ஊரில் இரண்டாவது ஐஸ் பெட்டி

சித்திரை மாதம் இருபத்தொன்றாம் தேதி, காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாள். காற்று துளியும் இல்லை. மேற்கே ஒரே ஒரு மேகம், அதுவும் மழைக்கு உதவாத மேகம். அந்த நேரத்தில்தான் வேலூரிலிருந்து வந்த டெம்போ ஆரணியில் எங்கள் ஜரிகைக் கடை வாசலில் நின்றது. அதில் ஏழடி நீளத்துக்கு ஓர் எவர்சில்வர் பெட்டி, மேலே கண்ணாடி மூடி. இறந்தவர் உடல் கெடாமல் இருக்க வைக்கிற குளிர்பெட்டி. எங்கள் பக்கத்தில் ஐஸ் பெட்டி என்போம்.

கடைக்கு மேலே வீடு. என் மனைவி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, பத்தரைலேருந்து பதினொன்றரை நல்ல நேரம்னு காலண்டர்ல பாத்து வெச்சிகினு இருந்தீங்களே, இதுக்குத்தானா?"

"தர்ம காரியம் தொடங்கினா நேரம் பாக்க வேணாமா?"

"பாக்கணும்தான். யாருக்கு நல்ல நேரம்னுதான் தெரியல."

டெம்போ டிரைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைக் கடைக்குப் பின்னால் கிடங்கில் வைக்கச் சொன்னேன். பிறகு வெளியே வந்து எதிர்ச்சாரியைப் பார்த்தேன். பெரிய கடையில் யாராவது கவனித்தார்களா என்று தெரிய வேண்டியிருந்தது.

பெரிய கடை என்பது அந்தப் பட்டுக்கடைக்கு ஊர் வைத்த பெயர். பதிவுப் பெயர் வேறு. அதன் முதலாளியும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நான் அவனைவிட நான்கு மாதம் மூத்தவன். பத்தாம் வகுப்பில் அவன் கணக்கில் தோற்றான், நான் பள்ளியில் முதல். பிறகு நான் வேலூருக்குப் போய் பி.காம். படித்தேன். அவன் அப்பா கடையில் உட்கார்ந்தான். இதையெல்லாம் எழுதக் காரணம், கணக்குத் தெரியாத அவன் கொடுத்ததை ஊர் முழுக்கக் கணக்கு வைத்திருக்கிறது, கணக்குத் தெரிந்த நான் கொடுத்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் தாத்தா காலத்தில் ஆடி மாதம் கூழ் ஊற்றினார்கள். அப்பா காலத்தில், வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முகூர்த்தப் புடவை அந்தக் கடையிலிருந்து போகும், கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை. அவன் காலத்தில் கண் சிகிச்சை முகாம், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குக் காலைக் கஞ்சி, சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி என்று பெருகிக்கொண்டே போனது. எண்ணியிருக்கிறேன், மொத்தம் பதினொன்று. எல்லாவற்றிலும் பெயர் இருக்கும். கோயில் மண்டபத்து மின்விசிறியில் மூன்று இறக்கையிலும் இருக்கும். விசிறி சுற்றும்போது படிக்க முடியாது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். மின்சாரம் நின்றால் அதுவும் போய்விடும்.

ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அவனைச் சொல்லிவிட முடியுமா என்றுகூடப் பார்த்தேன். நெசவாளர் கூலியில் பிடித்துத்தான் தர்மம் செய்கிறான் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று பல பேரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவன் கடையில் கூலியும் மற்றவர்களைவிடக் கூடவே இருந்தது. பழமொழி வீணாயிற்று.

எங்கள் கடைக்கும் தர்மம் உண்டு. ஒரு மார்க் ஜரிகை விற்றால் ஒரு நாணயம் பித்தளைச் செம்பில் விழ வேண்டும் என்பது என் அப்பா வைத்த வழக்கம். மார்க் என்பது ஜரிகை நிறுக்கிற அளவு. செம்பு நிறைந்தால் யாருக்காவது போகும். ஒரு தறிக்காரருக்கு மருந்துச் செலவு, ஒரு பிள்ளைக்குப் பரீட்சைப் பணம். யாருக்கென்று வீட்டில்கூடச் சொல்ல மாட்டார். "பேர் போட்டுக் குடுத்தா அது வியாபாரம்டா" என்பார். அவருக்குப் பிறகு நாற்பத்திரண்டு வருடம் நானும் அப்படியே நிறைத்து அப்படியே கொடுத்தேன். பெயர் எழுதாத தர்மம் நீர்மேல் எழுத்து என்று எனக்குத் தெரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அது தெரிந்தது போன தை மாதம். எங்கள் கடையில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவர் இறந்துபோனார். நான் மாலையோடு போவதற்குள் பெரிய கடைப் பெட்டி வந்துவிட்டிருந்தது. எனக்கு நாற்காலி போட்ட இடம் பெட்டிக்கு நேர் எதிரே. கடையின் பெயர், தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை, கீழே அன்பளிப்பு என்று ஒரு சொல். அறுபத்தொரு எழுத்து. மூன்று மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பெரிய கடைக்காரங்க புண்ணியத்துல பெங்களூர்லேந்து புள்ள வந்து மொகம் பாத்துட்டான் ஐயா. அவங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

இறந்தவருடைய கடைசி இரண்டு வருட மருந்துச் செலவில் பாதி எங்கள் செம்பிலிருந்து போனது. மருந்துக் கடைக்காரரிடம் நேரே கட்டியதால் அந்த அம்மாளுக்கு அது தெரியாது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்று இரவு என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"பங்காளிக்குத்தான் பங்காளிக் காய்ச்சல் வரும். உங்களுக்கு எதிர்க்கடைக்காரன் மேல வருது. இதுக்கு எந்த டாக்டர் கிட்ட போறது?"

போன இடம் வேலூர். சித்திரையில் பெட்டி வந்தது.

பெயர் எழுத எங்கள் ஊரில் கை சுத்தமான பெயின்டர் ஒருவர்தான். பெரிய கடையின் பதினொன்றுக்கும் எழுதியவர். ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்று கேட்டார். யோசித்தேன். சாவு வீட்டில் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து யாரும் படிக்கப்போவதில்லை. ஒரு பக்கம் போதும், எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றேன். வலப் பக்கம் எழுதினார். தூரத்திலிருந்தும் படிக்க முடிந்தது.

அன்று மாலையே அவன் தெருவைக் கடந்து வந்தான். கிடங்குக்குள் நுழைந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான்.

"டேய், நல்ல காரியம் செஞ்ச. ஒரே நாள்ல ரெண்டு எடத்துல கேட்டா நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். ஸ்டெபிலைசர் வாங்கிட்டியா?"

"அது எதுக்கு?"

"முகூர்த்த நாள்ல ஊரெல்லாம் சீரியல் லைட்டு போட்டுகினு இருப்பான். லோ வோல்டேஜ் வந்தா மிஷின் படுத்துக்கும். மொதல்ல அத வாங்கு. என் ஆளை அனுப்பறேன், எப்படித் தொடைக்கணும் எல்லாம் காட்டிக் குடுப்பான்."

அனுப்பவும் செய்தான். என்னைப் பார்த்து அவனுக்குத் துளிகூடப் பொறாமை வரவில்லை. கொஞ்சம் வந்திருந்தால் செலவில் பாதி திரும்பி வந்த மாதிரி எனக்கு இருந்திருக்கும்.

பிறகு காத்திருந்தேன். வைகாசி, ஆனி இரண்டு மாதத்தில் எனக்குத் தெரிந்து ஊரில் பதினான்கு சாவு. பதினான்கு வீட்டிலும் முதலில் பெரிய கடைக்குத்தான் போன் போட்டார்கள். எங்களிடமும் இருக்கிறது என்று நானே போய்ச் சொல்வது முறையில்லை. ஒரு வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "எதுக்குங்க உங்களுக்கு செரமம், பெரிய கடைக்குச் சொல்லியாச்சு" என்று எனக்கே தண்ணீர் கொடுத்தார்கள்.

ஆனிக் கடைசியில்தான் ஒரே நாளில் இரண்டு வந்தது. அவன் பெட்டி கொசப்பாளையத்துக்குப் போய்விட்டதால் ஆரணிப்பாளையத்து வீட்டுக்கு எங்கள் பெட்டியைக் கேட்டார்கள். டெம்போவிலேயே நானும் ஏறிப் போனேன். இறக்கி, தெற்கே தலைவைத்துக் கிடத்தி, மின்சாரம் கொடுத்து, எழுத்து வாசலைப் பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பார்த்தது. மனம் குளிர்ந்தது. அந்த வீட்டு மூத்த மகன் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று போனில் யாருக்கோ சொன்னார்:

"பதறாத, நிதானமா வா. பெரிய கடைப் பெட்டி வந்துடுச்சு."

நான் அவர் தோளைத் தொட்டேன். "தம்பி, இது பெரிய கடைப் பெட்டி இல்ல. படிச்சிப் பாருங்க."

படித்தார். "ஆமாங்க ஐயா. வேற கடை. எல்லாம் பெரிய கடைப் பெட்டிதானேங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எந்த மிஷின்ல எடுத்தாலும் ஜெராக்ஸுன்னுதானே சொல்றோம். அந்தக் கம்பெனிக்காரன் உங்க கடைக்கு வந்து சண்டையா போடறான்?" என்றாள்.

ஆவணி மாதம், காலை ஆறேகால் மணி, தூறல். கடைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டு இறங்கி வந்தேன். பெரிய கடைக்காரன் மகன் நின்றிருந்தான். காலில் செருப்பு இல்லை. என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற பிள்ளை.

"பெரியப்பா, அப்பா போயிட்டாருங்க."

முந்தின நாள் மாலை அவன் அப்பா எதிரே கடையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றதைப் பார்த்திருக்கிறேன்.

"தூக்கத்துலயே. அம்மா காபி எடுத்துகினு போயி எழுப்பினாங்க, எழுந்துக்கல." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பெரியப்பா, உங்க பெட்டி வேணுங்க."

"உங்களுது?"

"நேத்து தெள்ளாருக்குப் போயிடுச்சி. நம்ம கடைக்கு நெய்ஞ்சவரு சம்சாரம். பையன் குவைத்லேந்து வரணும், நாளைக்குத்தான் வராரு. மாமா எல்லாம் சொல்றாங்க, அந்த வீட்டுக்கு வாடகைப் பெட்டி ஒண்ணு அனுப்பிட்டு நம்முதக் கொண்டாந்துடலாம்னு. அப்பா இருந்தா உட மாட்டாரு. ஒரு வீட்டுக்குப் போனா, அவங்களா அனுப்பற வரைக்கும் திரும்பி வாங்கக் கூடாதும்பாரு."

அழுகை வந்தது எனக்கு. அதோடு இன்னொன்றும் வந்தது. நாளை மாலை வரை ஊரே அந்தக் கூடத்தில் வந்து நிற்கும். வந்தவாசி, போளூர் வியாபாரிகள் வருவார்கள், காஞ்சிபுரத்திலிருந்து வருவார்கள். அவன் படுத்திருப்பது எங்கள் பெட்டியில். அத்தனை பேரும் எங்கள் பெயரைப் படிப்பார்கள். நானே கண்ணாடியைத் துடைத்தேன். எழுத்தை ஈரத்துணியால் தனியாகத் துடைத்தேன். மனைவி புடவை மாற்றிக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"மூஞ்சிய மாத்துங்க. சாவு வீட்டுக்குப் போறோம்."

அந்தக் கூடத்துக்கு வாசல் மேற்கே. பெட்டியைக் கிழக்குச் சுவரோரம் போட்டார்கள், இன்வெர்ட்டர் இணைப்பு அங்கே ஒன்றுதான் இருந்தது. பெட்டியில் தலைமாடு ஒரு முனை, இயந்திரம் இருக்கிற கால்மாடு மறுமுனை. மாற்ற முடியாது. தலை தெற்கே வர வேண்டும். தெற்கே வைத்தால் வலப் பக்கம் கிழக்கு. எழுத்து முழுவதும் சுவரைப் பார்த்தது.

வாசலைப் பார்த்த பக்கம் வெறும் எவர்சில்வர். அதில் வருகிறவர்களின் கால்கள் தெரிந்தன.

அவன் மைத்துனரிடம் போனேன். "கொஞ்சம் திருப்பிப் போட்டா எல்லாரும் மொகம் பாக்க வசதியா இருக்குமே."

"திருப்பினா தலை வடக்கால வருங்களே. வடக்கால எப்டிங்க வெக்கறது?"

"நடுக் கூடத்துல போட்டு ஒயர் இழுத்துக்கலாம். சுத்தி வரலாம்."

"இன்னைக்குக் கல்யாண நாளுங்க, கரண்ட் நிக்குமோ நிக்காதோ. இருக்கட்டும் உடுங்க."

மூன்றாவது முறை கேட்க வாய் வரவில்லை. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. எட்டிப் பார்த்தேன். எழுத்து அங்கே சுவருக்கு எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றது.

பிறகு கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தேன். நெற்றியில் விபூதி, நாடியில் கட்டு. கணக்குப் பாடத்தில் தோற்ற அன்றும் இதே முகம்தான். தோற்றுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தவன். கொண்டுபோன மாலையைப் போட்டேன். ரோஜா மாலை, கெட்டியாகக் கட்டச் சொல்லி வாங்கியது.

வெளியே பந்தலில் உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணினேன். மதியம் வரை எண்ணூற்றுப் பதினேழு. அதற்கு மேல் கும்பலாக வந்ததால் விட்டுவிட்டேன். கண் முகாமில் அறுவை செய்துகொண்டவர்கள், அந்தக் கடைப் புடவையில் தாலி கட்டிக்கொண்ட பெண்கள் தங்கள் பெண்களோடு. ஆஸ்பத்திரியில் கஞ்சி வாங்கிக் குடித்த ஒருவர் தரையில் புரண்டு அழுதார். எனக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். மூன்று விதமாகப் போட்டும் இருநூற்றைத் தாண்டவில்லை. செம்பிலிருந்து வாங்கியவர்களைச் சேர்த்தால் தாண்டும். அவர்களில் பாதிப் பேருக்கு யாரிடமிருந்து வாங்கினோம் என்றே தெரியாது.

எனக்குப் பின்வரிசையில் கலசப்பாக்கத்துக்காரர்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சேதி கேட்டியா? அவங்க பெட்டி தெள்ளார்ல ஒரு நெசவுக்காரம்மா வீட்டுல கீதாம். பெத்த அப்பனுக்கு வேணும்னு கூட எடுத்துகினு வரலயாம் அந்தப் புள்ள."

"அட! யாருப்பா இந்தக் காலத்துல இப்டி?"

"மூணு தலைமுறை ரத்தம்பா."

"அப்ப இந்தப் பெட்டி?"

"வாடகைப் பெட்டிதான். பேரு ஊரு ஒண்ணும் இல்ல, பாத்தல்ல."

நான் திரும்பினேன். "வாடகை இல்லீங்க. அது என் பெட்டி. எங்க கடையோட தர்மம்."

இருவரும் மரியாதையாக எழுந்துகொண்டார்கள். ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அப்டிங்களா? எங்க ஊர்ப் பக்கம் அனுப்புவீங்களா? ஒரு நாளைக்கு எவ்ளோ வாங்கறீங்க?" என்றார்.

மறுநாள் காலைக்குள் தெள்ளார்க் கதை சேத்துப்பட்டு வரை போய்விட்டது. பதினொரு தர்மத்தோடு அது பன்னிரண்டாவது. அதற்குப் பெட்டி கொடுத்தவன் நான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர்கள் வேனிலேயே பெட்டி திரும்பி வந்தது. இடைப்பட்ட நாட்களில் அதை யாரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை தட்டில் பட்டு வேட்டி, வெற்றிலை பாக்கோடு வந்தான்.

"அப்பா சொல்லுவாரு பெரியப்பா, கடன் வாங்கின பாத்திரத்த வெறுசா திருப்பக் கூடாதுன்னு."

"இந்தப் பாத்திரம் மட்டும் வெறுசா வந்தாத்தான்பா நல்லது" என்றாள் என் மனைவி. அவன் பதினாறு நாளில் முதல் தடவையாகச் சிரித்திருப்பான் என்று நினைக்கிறேன்.

"எழுத்து செவுத்துப் பக்கம் போயிடுச்சின்னு நீங்க வருத்தப்பட்டீங்களாம். மாமா சொன்னாரு. அதான் இந்தப் பக்கமும் எழுதச் சொல்லிட்டேன்."

பெட்டியின் இடப் பக்கத்தில் எங்கள் கடைப் பெயர் இருந்தது. என்னுடைய பக்கத்தைவிட நல்ல எழுத்து, தங்க நிறத்தில், நிழல் கொடுத்து. அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பெரிய கடையின் பெயர், தாத்தா, அப்பா, மகன். அன்பளிப்பு.

அந்தப் பிள்ளையும் அப்போதுதான் அதைப் பார்த்தான். "ஐயோ, இத நான் எழுதச் சொல்லலீங்க பெரியப்பா" என்று முகம் வெளுத்தான். உண்மைதான். நேரே பெயின்டரிடம் போனேன்.

"பழக்க தோஷங்க" என்றார் அவர். "இருவது வருஷமா அந்தக் கடைலேந்து ஆள் வந்து எழுதுன்னா, கடைசீல அந்த வரி போட்டாத்தான் எனக்கு வேலை முடிஞ்ச மாதிரி. கை தானா போட்டுடுச்சி."

"எவ்ளோ குடுத்தாங்க உங்களுக்கு? அத நான் அவங்களுக்குத் திருப்பிக் குடுத்துடறேன்."

"காசு வாங்கலீங்க. பெரியவரு படுத்திருந்த பெட்டி. சும்மாத்தான் எழுதினேன்."

"சரி, கீழ இருக்கிற அந்த வரிய அழிச்சிக் குடுங்க."

தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதறதுக்குத்தான் காசு வாங்கல. அவங்க பேர அழிக்கறதுக்கு வாங்கிப்பேன். ஆயிரத்தைந்நூறு ஆகும்."

கொடுத்தேன். தின்னர் போட்டுத் தேய்த்தார். எழுத்து போனது, தடம் போகவில்லை. தேய்த்த இடத்தில் எவர்சில்வர் மங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அறுபத்தொரு எழுத்தும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன. வேறு வழியில்லை. அந்தப் பக்கத் தகட்டையே கழற்றி வேலூரில் புதிதாகப் போட்டு வந்தேன். புதுத் தகட்டில் என்ன எழுதுவது என்று பெயின்டர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். என் அப்பா சொன்னதற்காக இல்லை. பெயின்டர் கை மறுபடியும் தானாகப் போய்விடும் என்ற பயம்.

பெட்டி எண்பத்து நாலாயிரம். ஸ்டெபிலைசர் நாலாயிரத்து இருநூறு. முதல் எழுத்துக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது. வேலூரிலிருந்து கொண்டுவந்த டெம்போ இரண்டாயிரத்து அறுநூறு, உள்ளூர் நடை மூன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு. அழித்ததற்கு ஆயிரத்தைந்நூறு. தகடு, கூலியோடு ஐயாயிரத்து முன்னூற்றைம்பது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். ரோஜா மாலையைச் சேர்க்காமல், ஒரு லட்சத்து நானூறு ரூபாய்.